தாழிக்குள் இரும்பு, பாறைக்குள் கழிவு

வத்தலக்குண்டிலிருந்து மேற்கே எந்தச் சாலையைப் பிடித்தாலும் சற்று நேரத்தில் பழனிமலைத் தொடர் கண்ணெதிரே வந்து நிற்கும். பெரியகுளம் சாலையில் போய்க் காட்ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் கொடைக்கானல். திரும்பாமல் நேரே போனால் தேனி, போடி. பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் வழியாக மேலேறினால் தாண்டிக்குடி. காபியும் மிளகும் வாழைத்தாரும் இன்றும் இந்தப் பாதைகளில்தான் இறங்கி வருகின்றன. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இந்தச் சரிவுகளில் மனிதர்கள் வாழ்ந்தார்கள். இறந்தவர்களைக் கற்பலகைகளுக்கு நடுவிலும் தாழிகளிலும் அடக்கம் செய்தார்கள். அவர்களோடு சேர்த்து இரும்பையும் மண்ணுக்குள் வைத்தார்கள்.

கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் இருந்த சேசு சபைக் குருமார்களான ஆங்லேடும் நியூட்டனும் பழனிமலையின் கல்திட்டைகளைத் தேடிப் பார்த்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் தன் 36-வது ஆய்வேடாக வெளியிட்டது. மலைக்காரர்கள் அதுவரை பாண்டவர் கதையோடு சேர்த்துச் சொல்லிவந்த கல்வீடுகள், அந்த நூலால் வரலாற்றுக் கணக்கில் ஏறின. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு நடத்தினார். 2006-ல், வைகைக் கரையில் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. 2009-லும் 2010-லும், வத்தலக்குண்டு இருக்கும் இதே திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பொருந்தல் தோண்டப்பட்டது. அங்கே ஒரு கல்லறையில் நான்கு கால் வைத்த சாடி ஒன்று நிறைய நெல் இருந்தது. அந்த நெல்லுக்குக் கிடைத்த காலம் கி.மு. 490. வாள், கத்தி என்று இரும்புப் பொருள்களும் கல்லறையில் இருந்தன. அருகிலிருந்த குடியிருப்பு மேட்டிலோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன.

இந்தக் கல்லறைகள் கட்டப்பட்டிருக்கும் முறையை வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதலில் பாறைப் பலகை. அதற்குள் நிரப்பிய மண். அதற்குள் சுட்ட களிமண் தாழி அல்லது சாடி. அதற்கும் உள்ளே இரும்பும் மணிகளும். இன்று உலக நாடுகள் அணுஉலைக் கழிவை நிலத்தடியில் அடக்கம் செய்யப் போட்டிருக்கும் திட்டமும் ஏறக்குறைய இதே வரிசைதான். வெளியே பாறை, அடுத்துக் களிமண், அடுத்து உலோகக் கலன், அதற்குள் கண்ணாடி. கல்லறை கட்டியவர்கள் இறந்தவரின் மேல் வைத்த மரியாதையால் அதைச் செய்தார்கள். கழிவை அடக்கம் செய்பவர்கள் இன்னும் பிறக்காதவர்களைக் காப்பாற்றச் செய்கிறார்கள். ஆனால் மண்ணும் தண்ணீரும் காற்றும் இரண்டு அடக்கங்களையும் ஒரே விதமாகத்தான் நடத்தும். கழிவுக்கலன் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்பவர்கள் பழைய கல்லறைகளின் பக்கம் திரும்பியது அதனால்தான்.

கல்லறையிலிருந்து வெளியே எடுத்த ஒரு கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தால் முதலில் கத்தியே தெரியாது. செம்பழுப்பு நிறத்தில், மணலும் பொடிக்கற்களும் ஒட்டிய ஒரு கட்டிதான் தெரியும். மேல்தோல் உதிரும். அதன் கீழே அடர்த்தியான, கறுத்த ஓர் அடுக்கு. அந்தக் கறுப்புக்குள்தான் பழைய கத்தியின் உண்மையான விளிம்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு கோடு போல உலோகம் மிஞ்சியிருக்கும். பல பொருள்களில் அதுவும் இருக்காது. இரும்பு முழுவதும் துருவாகி, துருவே கத்தியின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எக்ஸ்ரே படம் எடுத்தால்தான் உள்ளே உலோகம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

துருப்பிடிக்க இரண்டு பேர் வேண்டும்: தண்ணீரும் ஆக்சிஜனும். இருவரும் தாராளமாக வரும் செம்மணலில், மழையில் நனைந்து வெயிலில் காயும் நிலத்தில், இரும்பு வேகமாகக் கரையும். தண்ணீர் தேங்கி, காற்று புகாத இறுகிய களிமண்ணிலோ இரும்பு மெல்லத்தான் அரிக்கும்; கறுப்பான மேக்னடைட், இரும்புக் கார்பனேட் போன்ற அடுக்குகள் அதன்மேல் படிந்து, அரிப்பை இன்னும் மட்டுப்படுத்தும். கிணற்றில் இறக்கிய மோட்டார் பைப்பைக் கவனித்த விவசாயிக்கு இது தெரிந்த விஷயம். எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பகுதியைவிட, நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் பைப்பு முதலில் பொத்துக்கொள்ளும். உப்பு சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குளோரைடு, துருவின் அடுக்குகளுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, பொருளை வெளியே எடுத்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கத்தி இரண்டு பக்கமும் ஆண்டுக்கு 4 மைக்ரான் வீதம் அரிபட்டால் 500 ஆண்டுகளில் உலோகம் தீர்ந்துவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2,500 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் நடுவில் உலோகம் மிஞ்சியிருக்கிறது என்றால், ஒரு பக்கத்து அரிப்பு ஆண்டுக்கு முக்கால் மைக்ரானைச் சுற்றித்தான், அல்லது அதற்கும் கீழேதான் இருந்திருக்க முடியும். காலம் உறுதியாகத் தெரிந்த ஒரு கல்லறையில் கிடைத்த துருப்பிடித்த கத்திக்கு இத்தனை மதிப்பு இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு ஓடிய ஒரு பரிசோதனையை எந்த ஆய்வுக்கூடத்தாலும் நடத்த முடியாது.

அணுஉலைக் கழிவுக்கு அவ்வளவு நீளமான கணக்கு தேவைப்படுகிறது. எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கதிரியக்கத் திரவத்தை இந்தியாவில் கண்ணாடியாக்குகிறார்கள். தாராப்பூரில் 1980-களின் நடுவில் தொடங்கிய அந்த வேலை பின்னர் டிராம்பேயிலும் கல்பாக்கத்திலும் நடந்தது. போரோசிலிகேட் கண்ணாடியோடு கழிவைக் கலந்து ஏறக்குறைய ஆயிரம் டிகிரி வெப்பத்தில் உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலனில் ஊற்றி, மூடியைப் பற்றவைத்து, காற்றோட்டத்தால் தானாகவே குளிரும் பெட்டகங்களில் நிறுத்திவைக்கிறார்கள். அந்தக் கழிவில் உள்ள சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 இரண்டும் சுமார் 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்; முந்நூறு ஆண்டுகளில் அவற்றின் வீரியம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 ஆண்டுகள் ஆகும். பிரித்தெடுத்ததுபோகக் கண்ணாடியில் கொஞ்சம் தங்கும் அதற்கும், அதைவிட நீண்ட ஆயுள் கொண்ட நெப்டூனியத்துக்கும் பெட்டகம் போதாது. ஆழத்துப் பாறைதான் வேண்டும் என்பதே உலக அளவில் ஏற்கப்பட்ட முடிவு.

அந்தப் பாறைக்குள் கலன் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. ஜப்பான் வகுத்த திட்டத்தில் கண்ணாடிக் கலனைச் சுற்றி 19 சென்டிமீட்டர் தடிமனுள்ள சாதாரண எஃகு. அதில் 4 சென்டிமீட்டர் ஆயிரம் ஆண்டு அரிப்புக்கென்றே விடப்பட்டது. அதற்கு வெளியே 70 சென்டிமீட்டர் பென்டோனைட் களிமண். பென்டோனைட் தண்ணீர் பட்டால் உப்பி, இடுக்குகளை அடைத்துக்கொள்ளும் களிமண். சுவீடனும் பின்லாந்தும் செம்பைத் தேர்ந்தெடுத்தன. ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரம், 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்பு உறை, உள்ளே வார்ப்பிரும்பு, எரிபொருளும் சேர்ந்தால் சுமார் 25 டன். இது ஒரு லட்சம் ஆண்டு தாங்க வேண்டும் என்பது கணக்கு.

சுவீடனில் அந்தக் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னார் ஹுல்ட்குவிஸ்ட், ஆக்சிஜனே இல்லாத சுத்தமான தண்ணீரிலும் செம்பு அரிபட்டு ஹைட்ரஜனை வெளியிடும் என்று 1986-ல் எழுதினார். பல ஆண்டுகள் சண்டை நடந்தது. 2018 ஜனவரியில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் கலன் நீண்டகாலம் தாங்குமா என்ற ஐயம் தீரவில்லை என்று அரசுக்குச் சொன்னது. கூடுதல் ஆய்வுகளை வாங்கிப் பார்த்த பிறகு, 2022 ஜனவரியில் அரசு ஒப்புதல் கொடுத்தது. ஓர் உலோகம் மண்ணுக்குள் அரிபடுமா என்ற கேள்வியை ஒரு நாடு நீதிமன்றத்தில், எல்லோரும் பார்க்க, வருடக்கணக்கில் விசாரித்தது. அந்தப் பொறுமை போற்றத்தக்கது.

பொறுமை இல்லாமல் செய்த இடங்களின் கதை வேறு. அமெரிக்காவின் ஹான்போர்டில், இரண்டாம் உலகப் போர்க்கால அவசரத்தில், அமிலக் கழிவில் காரத்தைக் கொட்டிச் சமன்செய்து சாதாரண எஃகுத் தொட்டிகளில் ஊற்றினார்கள். 177 தொட்டிகளில் 149 ஒற்றைச் சுவர் கொண்டவை. அவற்றில் 67 கசிந்திருக்கும் என்று அரசே பட்டியல் போட்டது. ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். உப்புச் சுரங்கத்துக்குள் தண்ணீர் வராது என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1988 முதல் அங்கே உப்புநீர் கசிந்து வருகிறது. அத்தனையையும் திரும்ப வெளியே எடுப்பதென்று 2010-ல் முடிவானது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஆஸ்ஸேயில் நடந்ததை இரும்பைப் பற்றிய தவறு என்று மட்டும் சொல்ல முடியாது. தண்ணீரைப் பற்றிய தவறு அது.

பழைய பொருள்களிலிருந்து கற்றுக்கொண்ட இடங்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் இன்ச்டுத்தில் என்ற இடத்தில் ரோமானியப் படைமுகாம் ஒன்று இருந்தது. கி.பி. 87 வாக்கில் அதை விட்டுப் போகும்போது, எதிரி கையில் இரும்பு சிக்கக் கூடாது என்று ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகளை ஒரு குழியில் கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். 1960 வாக்கில் குழி தோண்டப்பட்டபோது வெளிப்பக்கத்து ஆணிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய துருக்கட்டியாகியிருந்தன. உள்ளே இருந்தவற்றில் பல அடித்த நாள் போலவே வந்தன. வெளிச்சுற்று ஆணிகள் உள்ளே வந்த ஆக்சிஜனையெல்லாம் தாங்களே தின்று தீர்த்திருந்தன. கழிவுக்கலன் ஆய்வாளர்கள் இந்த ஆணிகளை ஆவலோடு ஆராய்ந்தார்கள்.

சுவீடன்காரர்களுக்கு அவர்கள் கடலிலேயே விடை கிடைத்தது. 1676-ல் பால்டிக் கடலில் மூழ்கிய குரோனன் போர்க்கப்பலின் பீரங்கி ஒன்று, வாய் கீழாகக் களிமண்ணில் குத்திட்டு நின்றபடி மூன்று நூற்றாண்டு கிடந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு செம்பு கொண்ட வெண்கலம் அது. அரிப்பை அளந்தபோது ஆண்டுக்கு ஒரு மைக்ரானில் ஒரு சிறு பங்குதான் வந்தது. பிரான்சில் டெல்பின் நெஃப், பிலிப் டில்மான் முதலியவர்கள், பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த இரும்புப் பொருள்களை மண்ணோடு சேர்த்தே வெட்டியெடுத்து, குறுக்கே அறுத்து, துருவின் ஒவ்வோர் அடுக்கையும் நுண்ணோக்கியில் படித்தார்கள். அவர்கள் கணக்கில் சராசரி அரிப்பு ஆண்டுக்கு 4 மைக்ரானைத் தாண்டவில்லை. அந்த வேகத்தில் ஆயிரம் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர்.

டெல்லி குதுப் வளாகத்து இரும்புத் தூணை எல்லோரும் துருப்பிடிக்காத இரும்பு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டு பழைய, ஏழு மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அந்தப் பாஸ்பரஸ் உதவியால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவானதைக் கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகளும் அந்தத் தூணைச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் பெருமை பேசுபவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. 1961-ல் தூணின் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் இருந்த பாகம் துருப்பிடித்திருந்தது. ஒரே தூண், ஒரே இரும்பு. வெளியே நனைந்து சீக்கிரம் காய்ந்த பாகம் பிழைத்தது. ஈரம் தங்கிய மண்ணுக்குள் இருந்தது பிழைக்கவில்லை. எந்த உலோகம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மண், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரம் அதுதான்.

பழம்பொருளை நம்பிவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. முழுக்கக் கரைந்துபோன கத்தி அகழாய்வில் கிடைக்காது, தப்பித்ததுதான் கிடைக்கும். தப்பித்ததை மட்டும் எண்ணிச் சராசரி போட்டால் கணக்கு இரும்புக்குச் சாதகமாகவே வரும். மேலும் சராசரி 4 மைக்ரான் என்றாலும், கலன் சராசரியால் உடைவதில்லை. ஓர் இடத்தில் விழும் ஊசிக்குழிதான் அதை உடைக்கும். துருப்பிடிக்காத எஃகுக்கு அந்த நோய் அதிகம்: குளோரைடு பட்ட இடத்தில், முக்கியமாகப் பற்றவைத்த தையலை ஒட்டி, குழியும் விரிசலும் விழும். தாராப்பூரும் கல்பாக்கமும் கடற்கரை என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கல்லறைக் கத்திக்கு இல்லாத தொல்லை ஒன்றும் கழிவுக்கலனுக்கு உண்டு. உள்ளிருந்து வரும் கதிர்வீச்சு, வெளியே உள்ள தண்ணீரை உடைத்து, அரிப்பைத் தூண்டும் பொருள்களை உண்டாக்கும். சுவரைத் தடிமனாக்கினால் அது குறையும். ஜப்பானின் 19 சென்டிமீட்டரில் மீதி 15 அதற்காகத்தான்.

இந்தியா இந்தக் கேள்வியை நிலத்துக்கு அடியில் முதலில் எடுத்துச்சென்ற இடம் கோலார் தங்கவயல். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. 1965-ல் அதன் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று அது. மற்றது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். 1980-களில் அதே கோலாரில், கைவிடப்பட்ட ஒரு பகுதியில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் வேறொரு சோதனையைத் தொடங்கியது. ஆம்பிபோலைட் பாறையில் துளையிட்டு மின்சூடேற்றிகளை இறக்கி, கழிவுக்கலனின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்று வருடக்கணக்கில் அளந்தார்கள். கழிவு எதையும் அங்கே வைக்கவில்லை. சூட்டை மட்டும் வைத்தார்கள்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போய், சயனைடு மண்மேடுகளுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டிருந்த அந்த மக்களுக்கு, 2012 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில், கழிவைக் கோலார் சுரங்கத்தில் வைக்கும் யோசனை உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது என்பதே அந்தச் செய்தி. ஊர் கொதித்தது. கடையடைப்பு, மறியல் என்று போராட்டம் கிளம்பிய பிறகு, அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மத்திய அரசின் தரப்பில் விளக்கம் வந்தது. கோலாரில் முன்பு என்ன சோதனை நடந்தது, அது ஏன் நடந்தது என்பதை அந்த மக்கள் நீதிமன்றச் செய்தி வழியாகக் கேள்விப்பட்டிருக்கக் கூடாது. அதை அவர்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கோலார் மூடியதன் இன்னொரு விளைவு வத்தலக்குண்டுக்கு மேற்கே வந்து சேர்ந்தது. நியூட்ரினோ ஆய்வுக்கு வேறு மலை தேடினார்கள். நீலகிரியின் சிங்காராவுக்கு, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால், 2009-ல் அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்துத் தேர்ந்தெடுத்தது தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலை. சார்னோக்கைட் பாறைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. மேலே ஒரு கிலோமீட்டர் உயரப் பாறை. உள்ளே 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்கிய கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுற்றுவட்டார மக்கள் கேட்ட கேள்விகளில் முதல் வரிசையில் இருந்தது இதுதான்: மலையைக் குடைந்து அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்களா?

அந்தச் சுரங்கம் கழிவுக்கானது அல்ல. ஆய்வுக்கூடத்தார் அதை எழுத்திலும் பேச்சிலும் மறுத்தார்கள். கருவியின் அமைப்பைப் படித்தாலும் அது விளங்கும். ஆனாலும் மக்களின் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. பணம் கொடுத்த துறைகளில் ஒன்று அணுசக்தித் துறை. கழிவுக்குப் பொறுப்பும் அதற்குத்தான். கோலாரின் ஒரே சுரங்கத்தில் நியூட்ரினோ ஆய்வும் கழிவுச் சூடு ஆய்வும் நடந்திருந்தன. வழக்குகள் தொடர்ந்தன. வைகோ தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு சிறப்பு அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. பொட்டிப்புரத்து மலை குடையப்படாமல் நிற்கிறது.

நம் நாட்டில் கண்ணாடியாக்கிய கழிவின் அளவு குறைவு, அதனால் ஆழ்நிலக் கிடங்குக்கு இப்போது அவசரம் இல்லை என்பது அணுசக்தித் துறையின் நிலைப்பாடு. அவசரம் இல்லாத காலம்தான் ஆய்வுக்கு நல்ல காலம். அதற்கு வேண்டியவை எல்லாம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்தியாவின் அரிப்பு ஆய்வுக்குத் தலைமகன். மண்டபத்தின் உப்புக்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்த அனுபவம் அதற்கு உண்டு. கல்பாக்கத்தில் எஃகின் அரிப்பைப் படிக்கும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், செப்புத் திருமேனிகளைத் தின்றுகொண்டிருந்த அரிப்பைத் தடுக்க 1930-ல் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கி, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் அவற்றைக் காப்பாற்றினார். காலம் அறிந்த இரும்புக்கும் பஞ்சமில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172. செம்மண், கரிசல், ஆற்று வண்டல், மலைமண் என்று எல்லா வகை மண்ணிலும் இரும்பு புதைந்து கிடக்கிறது. ஸ்காட்லாந்து ஆணியும் பிரான்ஸ் இரும்பும் குளிர்நாட்டு மண்ணின் கணக்கைத்தான் சொல்லும். பருவமழையில் நனைந்து கோடையில் வெடிக்கும் நம் மண்ணின் கணக்கை நம் கல்லறைகள்தான் சொல்ல முடியும்.

அருங்காட்சியகத்துக்கு அழகாக இருக்க வேண்டும் என்று துருவைச் சுரண்டி எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு போய்விடும். ஒவ்வோர் அகழாய்விலும் கிடைக்கும் இரும்பில் ஒன்றிரண்டையாவது, ஒட்டிய மண்ணோடு அப்படியே காரைக்குடிக்கோ கல்பாக்கத்துக்கோ அனுப்ப வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி வெளியிட வேண்டும். கிடங்குக்கு இடம் தேடும் நாள் வரும்போது, அந்த இடத்து மக்களுக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் தெரிய வேண்டும்.

கீழ்ப்பழனி மலையடிவாரத்தில் தோப்பும் தோட்டமும் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழி தோண்டும்போதோ ஜேசிபி ஓடும்போதோ கற்பலகைக்குக் கீழே தாழியும் துருப்பிடித்த இரும்பும் தட்டுப்பட்டால், கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், பழைய இரும்புக்கடைக்கு அனுப்பாதீர்கள். மண் ஒட்டியபடியே விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ தகவல் கொடுங்கள். மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் சொல்கிறது.